காசு இல்லாததற்கு ஒரு கட்டணம்

பி.காம் படிக்கிறேன் என்று சொன்னதும் ஊரில் கேட்கும் முதல் கேள்வி, "எந்த ஷேர்ல போடலாம் தம்பி?" அதற்குப் பதில் தெரிந்திருந்தால் நான் ஏன் ஆவடி லோக்கலில் தொங்கிக்கொண்டு காலேஜுக்குப் போகிறேன் :-) ஆனால் யாருமே கேட்காத, கண்டிப்பாகக் கேட்க வேண்டிய ஒரு கேள்வி இருக்கிறது. "மினிமம் பேலன்ஸ் இல்லைன்னு பாங்க்ல பிடிச்ச பணத்தைத் திரும்ப வாங்க முடியுமா?" முடியும். எப்போதும் முடியாது, ஆனால் நாம் நினைப்பதைவிட அதிகமான நேரங்களில் முடியும்.

2023 செப்டம்பர் 15 ஞாபகம் இருக்கிறதா? தமிழக அரசு கலைஞர் மகளிர் உரிமைத் தொகையைத் தொடங்கிய நாள். ஒரு கோடியே ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய். அடுத்த சில நாட்களிலேயே புகார்கள் கிளம்பின. வந்த ஆயிரத்தில் பழைய மினிமம் பேலன்ஸ் அபராதத்தை வங்கிகள் கழித்துக்கொண்டன. அன்றைய நிதியமைச்சர் தங்கம் தென்னரசு அறிக்கை விட வேண்டியதாயிற்று. இந்தப் பணத்தில் கை வைக்கக் கூடாது, மீறினால் கணக்குகள் வேறு வங்கிக்கு மாற்றப்படும், பாதிக்கப்பட்டவர்கள் 1100-க்கு போன் செய்யலாம் என்றார்.

ஒரு அமைச்சர் தலையிட்டதால் இந்த விஷயம் வெளியே தெரிந்தது. அமைச்சர் வராத மற்ற பணத்துக்கு என்ன கதி?

எங்கள் பக்கத்தில் இது எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் காண்ட்ராக்டில் வேலைக்குச் சேர்ந்தால், கம்பெனி ஒரு வங்கியில் சம்பளக் கணக்கு திறந்து கொடுக்கும். சம்பளக் கணக்குக்கு மினிமம் பேலன்ஸ் கிடையாது. ஒரு வருடத்தில் அந்த வேலை போய், பட்டரவாக்கத்தில் வேறு கம்பெனி, வேறு வங்கி, வேறு கணக்கு. பழைய கணக்கில் சில மாதம் சம்பளம் வராவிட்டால் அது சாதாரண சேமிப்புக் கணக்காக மாறிவிடும். மினிமம் பேலன்ஸும் வந்துவிடும். காசு இல்லாததால் மாதாமாதம் அபராதம் எழுதப்படும். கணக்கு பூஜ்ஜியத்துக்குக் கீழே போகக் கூடாது என்பதால், அது பாக்கியாகப் பின்னால் காத்திருக்கும். ஆதார் வழியாக வரும் அரசுப் பணமோ, கடைசியாக எந்தக் கணக்கில் ஆதாரை இணைத்தீர்களோ அங்கேதான் போகும். அது அந்த மறந்துபோன கணக்காக இருந்தால்? காத்திருந்த பாக்கி, வந்த பணத்தை அப்படியே விழுங்கும்.

எங்கள் தெருவில் ஓர் அக்காவுக்கு இதுதான் நடந்தது. வந்த ஆயிரத்தில் மிச்சம் நாற்பது ரூபாய் சொச்சம். கவுன்ட்டரில் கிடைத்த பதில்: "சிஸ்டமே எடுத்துக்கிச்சும்மா, எங்க கையில ஒண்ணும் இல்ல." சிஸ்டம் என்ன சுயம்புவா? யாரோ ஒருவர் ரேட்டைப் போட்டுத்தானே அது எடுக்கிறது.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? 2014 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி நல்ல யோசனை ஒன்றைச் சொன்னது. இருப்பு குறைந்தால் அபராதம் போடாதே; சேவைகளை மட்டும் குறைத்துக்கொள், பணம் வந்ததும் திருப்பிக் கொடு என்பது அதன் சாரம். ஆனால் அதே ஆண்டு நவம்பர் 20-ம் தேதி வந்த சுற்றறிக்கை அபராதத்தை அனுமதித்தது, சில நிபந்தனைகளோடு. 2015 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த அந்த நிபந்தனைகளைத்தான் நாம் மனப்பாடம் செய்ய வேண்டும்:

1. இருப்பு குறைந்தால் எஸ்.எம்.எஸ், மின்னஞ்சல் அல்லது கடிதம் மூலம் வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும். அதிலிருந்து ஒரு மாதத்துக்குள் சரிசெய்யாவிட்டால்தான் அபராதம்.

2. எவ்வளவு குறைகிறதோ அந்த விகிதத்தில்தான் அபராதம் இருக்க வேண்டும்.

3. சேவை கொடுக்க ஆகும் சராசரிச் செலவுக்குச் சம்பந்தமில்லாத தொகையாக இருக்கக் கூடாது.

4. இந்த அபராதத்தால் மட்டும் கணக்கு மைனஸில் போகக் கூடாது.

மூன்றாவது நிபந்தனையை வைத்து ஒரு சின்னக் கணக்கு போடலாம். மினிமம் பேலன்ஸ் 10,000, குறையும் தொகையில் 6 சதவீதம் மாத அபராதம் என்று வைத்துக்கொள்வோம். கணக்கு காலி என்றால் 600 ரூபாய். 18 சதவீத ஜி.எஸ்.டி. 108. மொத்தம் 708. அந்தப் பத்தாயிரம் கணக்கில் இருந்திருந்தால் வங்கிக்கு என்ன லாபம்? நமக்கு 3 சதவீதம் வட்டி கொடுத்து, வெளியே 10 சதவீதத்துக்குக் கடன் கொடுத்தாலும் வருடத்துக்கு 700 ரூபாய். மாதத்துக்கு 58 சொச்சம். 58 ரூபாய் கிடைக்காமல் போனதற்கு 600 ரூபாய் அபராதம்! அதுவும் விகிதக் கணக்கு என்பதால், சுத்தமாகக் காசு இல்லாதவன்தான் அதிகபட்ச அபராதம் கட்டுவான்.

"வங்கி என்ன தர்மசத்திரமா? கணக்கு நடத்த செலவு ஆகாதா?" என்று என் வகுப்பிலேயே கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. செலவு ஆகும். செலவை மட்டும் வாங்கினால் யாரும் சண்டை போட மாட்டார்கள். ஆனால் 2017 ஏப்ரலில் ஸ்டேட் பாங்க் இந்த அபராதத்தைத் திரும்பக் கொண்டுவந்து, நவம்பர் வரை 8 மாதத்தில் வசூலித்தது சுமார் 1,772 கோடி. அதே ஆண்டு ஜூலை–செப்டம்பர் காலாண்டில் அதன் நிகர லாபம் சுமார் 1,582 கோடிதான். கண்டனம் எழுந்து ரேட்டைக் குறைத்து, 2020 மார்ச்சில் மொத்தமாகவே கைவிட்டார்கள். நாட்டின் மிகப் பெரிய வங்கி அபராதம் இல்லாமல் நடக்கிறதே, அப்புறம் என்ன?

2019-20 முதல் 2023-24 வரை ஐந்து நிதியாண்டுகளில் பொதுத்துறை வங்கிகள் மட்டும் இப்படி வசூலித்தது சுமார் 8,500 கோடி என்று 2024-ல் நாடாளுமன்றத்திலேயே சொன்னார்கள். 2025-ல் கனரா பாங்க், இந்தியன் பாங்க், பஞ்சாப் நேஷனல் பாங்க் எல்லாம் அபராதத்தை நிறுத்தின. நல்லது. ஆனால் இனிமேல் வாங்க மாட்டோம் என்பது வேறு, வாங்கியது முறைதானா என்று பார்ப்பது வேறு. பல தனியார் வங்கிகளில் அபராதம் இன்னும் இருக்கிறது. எஸ்டேட் சம்பளக் கணக்குகள் நிறைய இருப்பதும் அங்கேதான்.

பிரிட்டனில் இதேபோல ஓவர்டிராஃப்ட் கட்டணத்தைத் திருப்பிக் கேட்டு 2006, 2007-ல் பெரிய அலையே அடித்தது. கடிதம் எழுதிக் கேட்ட ஏராளமானோருக்கு வங்கிகள் கோர்ட்டுக்குப் போகாமலே பணத்தைக் கொடுத்தன. பிறகு விவகாரம் வழக்காகி, 2009 நவம்பரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வங்கிகள் பக்கம் தீர்ப்பளித்தது. அத்தோடு பெரும்பாலோருக்கு அந்த வழி அடைபட்டது. முன்பே கேட்டவர்களுக்குக் கிடைத்தது, காத்திருந்தவர்களுக்கு இல்லை. அவர்களிடம் தெளிவான விதி இல்லை. நம்மிடம் இருக்கிறது. நாம்தான் கேட்பதில்லை.

எப்படிக் கேட்பது? பாஸ்புக்கில் என்ட்ரி போட்டு, பிடித்த தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். மேனேஜருக்கு ஒரு பக்கக் கடிதம் போதும். எந்தத் தேதியில், எந்த வழியில் எனக்குத் தகவல் கொடுத்தீர்கள்? ஒரு மாதம் அவகாசம் கொடுத்தீர்களா? எந்தக் கணக்கில் இந்தத் தொகை? ஆதாரம் இல்லையென்றால் திருப்பிப் போடவும். கூடவே, கணக்கை மினிமம் பேலன்ஸ் தேவையில்லாத அடிப்படை சேமிப்புக் கணக்காக மாற்றச் சொல்லியும் எழுதுங்கள். அந்த வசதி 2012 முதல் இருக்கிறது. நகலில் சீல் வாங்க மறக்க வேண்டாம். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. விவரத்துக்கு 14448.

அந்த அக்காவும் இப்படித்தான் எழுதிக் கொடுத்தார். பிடித்ததில் பாதிக்கு மேல் திரும்பி வந்தது. மீதிக்கு புகார் போயிருக்கிறது.

ஒழுங்காகத் தகவல் கொடுத்து, அவகாசமும் கொடுத்து, அளவாகப் பிடித்திருந்தால் திரும்பக் கிடைக்காது. அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அதை நிரூபிக்க வேண்டியது வங்கி, நாமல்ல. உண்மையில் இந்தக் கடிதமே தேவைப்படக் கூடாது. அபராதம் பிடிக்கத் தெரிந்த சிஸ்டத்துக்கு, தகவல் போனதா என்று பார்த்து, போகாவிட்டால் தானே திருப்பிப் போடவும் தெரிய வேண்டும். ரிசர்வ் வங்கி அதைக் கட்டாயமாக்கும்வரை, கணக்குப் படித்த நாம் ஆளுக்கு ஒரு வீட்டின் பாஸ்புக்கையாவது வாங்கிப் பார்க்கலாம். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லியில் பி.காம் படிக்காத பையனோ பொண்ணோ இல்லாத தெரு எது, சொல்லுங்கள்?