மெல்ல மெல்ல மேலே



கடந்த மாதம் எமது மாத்தளை மகளிர் குழுக் கூட்டம் முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். ஓர் அக்கா என் பக்கத்தில் வந்து அமர்ந்தார். 1983 வன்செயலின் பின் தோட்டத்தை விட்டு வன்னிக்குப் போனவர். 2009 இல் கணவரைத் தொலைத்து, பிள்ளைகளோடு மீண்டும் மாத்தளைக்கே வந்து சேர்ந்தவர்.

"மிஸ், இவ்வளவு வருஷமாகியும் இன்னும் அழுறியான்னு தங்கச்சிகூட ஏசுறா. எனக்கு மட்டும் ஏன் சுருக்கா எழும்ப முடியல?" என்று கேட்டார்.

எனக்கு உடனே கல்குடாக் கடல்தான் ஞாபகம் வந்தது.

மலைநாட்டில் பிறந்த எனக்கு நீந்தத் தெரியாது. ஒரு பயிற்சிப் பட்டறைக்காக அங்கே போயிருந்தபோது, கரையில் ஒரு சுழியோடித் தம்பியுடன் பேசக் கிடைத்தது. 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. அன்று ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலில் மூழ்கி, 300 பேருக்கு மேல் இறந்தனர். அதே நாளில் பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்ற எண்ணெய்க் கப்பலும் குண்டுபட்டு, கல்குடாவுக்கு அண்மையில் அமிழ்ந்தது.

ஹேர்மிஸ் 50 மீற்றருக்கும் கீழே கிடக்கிறது. எண்ணெய்க் கப்பல் கிடப்பதோ சுமார் 24 மீற்றர் ஆழத்தில். அதனால், கிழக்குக் கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் பயிற்சி பெற்றவர்கள் சிலிண்டருடன் இறங்கிப் பார்க்கிறார்கள். உடைந்த இரும்பில் முருகைக்கல் படர்ந்திருக்கிறதாம். கலவாயும் பாரையும் குடியிருக்கின்றனவாம்.

"இறங்குவது பெரிய காரியமில்லை அக்கா, ஏறுவதில்தான் கவனம் வேணும்" என்றார் தம்பி.

ஒவ்வொரு 10 மீற்றருக்கும் தண்ணீரின் அமுக்கம் கூடுகிறது. அந்த அமுக்கத்தில் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைதரசன் இரத்தத்தில் கரைகிறது. அவசரமாக மேலே வந்தால், சோடாப் போத்தலைத் திறந்ததுபோல் அது குமிழியாகிவிடும். மூட்டு வலி, விறைப்பு, சிலருக்கு இடுப்புக்குக் கீழே இயங்காமலே போகும். ஆகவே நிமிடத்துக்கு 9 மீற்றருக்கு மேல் ஏறுவதில்லை. மேற்பரப்புக்கு 5 மீற்றர் இருக்கும்போது மூன்று நிமிடம் தரித்து நிற்பார்கள். மூச்சை ஒருபோதும் அடக்கக் கூடாது.

வடக்கு, கிழக்கில் சங்குக்கும் கடலட்டைக்கும் சிலிண்டருடன் இறங்கும் எம் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். கூடுதலாகப் பிடிக்கும் அவசரத்தில் ஒரே நாளில் பல தடவை இறங்கி, விரைந்து ஏறி, படுக்கையில் விழுந்தவர்கள் உண்டு. உங்கள் கணவரோ மகனோ இத்தொழில் செய்தால், கரைக்கு வந்தபின் கால் விறைக்கிறதா, தலை சுற்றுகிறதா என்று கேளுங்கள். அப்படியிருந்தால் படுக்க வைத்து, உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். சுழியோடியவர் என்பதை வைத்தியரிடம் முதலில் சொல்லுங்கள். திரும்பத் தண்ணீரில் இறங்கினால் சரியாகிவிடும் என்பது ஆபத்தான பேச்சு.

இவ்வளவையும் அக்காவிடம் சொல்லிவிட்டு, "நீங்கள் இறங்கிய ஆழம் உங்கள் தங்கச்சிக்குத் தெரியாது. ஆழத்திலிருந்து வருபவர் தரித்துத் தரித்துத்தான் வரவேண்டும்" என்றேன்.

சகோதரிகளே, பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் "மறந்துவிடு" என்று சொல்வதை நிறுத்துவோம். அவர் கணவரின் பெயரைச் சொல்லட்டும், படத்துக்கு விளக்கேற்றட்டும், தேடட்டும். நாம் பக்கத்தில் இருப்போம். ஆனால் தரித்து நிற்பது வேறு, மூச்சை அடக்கிக்கொண்டு கிடப்பது வேறு. வாரக்கணக்கில் நித்திரையும் சாப்பாடும் இல்லையென்றால், உயிர் வேண்டாம் என்ற எண்ணம் வந்தால், வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போங்கள். 1926 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அடுத்த கூட்டத்துக்கு அவரோட படத்தைக் கொண்டு வரவா மிஸ்?" என்று கேட்டார்.

கொண்டு வாருங்கள் அக்கா. நாங்கள் எல்லோரும் பார்ப்போம்.