யார் கையெழுத்துப் போடுவது?

சாதிச் சான்றிதழுக்காகத் தாசில்தார் ஆபீஸ் வாசலில் நின்று பழகிய கால்கள் நம்முடையவை. வி.ஏ.ஓ. கையெழுத்து, ஆர்.ஐ. கையெழுத்து, அப்புறம் தாசில்தார். இப்போது அது இ-சேவை மையத்துக்கு வந்துவிட்டது. ஆனால் நம் பிள்ளைகள் வேறொரு சான்றிதழ் வரிசையில் போய் நிற்கத் தொடங்கியிருக்கிறார்கள். "அண்ணே, கம்ப்யூட்டர் செக்யூரிட்டில சி.இ.எச். எடுத்தா வேல கெடைக்குமா, இல்ல செக்யூரிட்டி பிளஸ் எடுக்கவா?" கவிதை எழுதுகிற ஒரு வங்கிக் குமாஸ்தாவிடம் இதைக் கேட்பானேன்? தெருவில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில் இருந்தால் என்னைப் போன்றவர்களிடம்தான் கேட்பார்கள்.

வேலை இருக்கிறது, அதில் சந்தேகமில்லை. 2018 பிப்ரவரியில் கும்பகோணம் சிட்டி யூனியன் வங்கியின் ஸ்விஃப்ட் வழியாகக் கள்ளத்தனமாக வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பப்பட்டது. அதே ஆகஸ்டில் புனே காஸ்மோஸ் வங்கியில் 94 கோடி ரூபாய் போனது. பூட்டுப் போட ஆள் தேவை என்பது முதலாளிகளுக்குத் தெரிந்துவிட்டது. யாரை ஆள் என்று ஒப்புக்கொள்வது என்பதில்தான் சான்றிதழ் வருகிறது.

ஒரு சான்றிதழுக்கு மதிப்பு எங்கிருந்து வருகிறது? அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 2005-இல் எந்தப் பதவிக்கு எந்தச் சான்றிதழ் வேண்டும் என்று பட்டியல் போட்டது. பட்டியலில் ஏறியதெல்லாம் விலை ஏறியது. நம் ஊரில் ரிசர்வ் வங்கியின் 2011 வழிகாட்டுதல்கள் கணினித் தணிக்கைக்கு சி.ஐ.எஸ்.ஏ.-வைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டன. வங்கிகளில் அதற்கு மவுசு வந்தது. மனுவானாலும் மிலிட்டரியானாலும் தகுதி என்பது மேலேயிருந்து எழுதப்படுகிற பட்டியல்தான்.

செக்யூரிட்டி பிளஸ் அடிப்படை. முன் அனுபவம் கேட்பதில்லை, 90 நிமிடத் தேர்வு, மூன்று வருடம் செல்லும். தொடங்குகிறவனுக்குப் பரவாயில்லை, அவ்வளவுதான்.

சி.இ.எச். பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. 'எத்திக்கல் ஹேக்கர்' என்ற பெயருக்கே நம் பையன்கள் மயங்கிவிடுகிறார்கள். தேர்வு 125 கேள்வி, நான்கு மணி நேரம், சரியான விடையை டிக் அடிக்க வேண்டியதுதான். ஒரு பூட்டைக்கூடத் திறந்து காட்ட வேண்டியதில்லை. செய்முறைத் தேர்வு தனி, அதற்குப் பணமும் தனி. அதிகாரப்பூர்வ வகுப்பில் சேராதவர்கள் இரண்டாண்டு அனுபவம் காட்டி, திரும்பி வராத 100 டாலரைக் கட்டித்தான் தேர்வுக்கே அனுமதி கேட்க வேண்டும். நகையை அடகு வைத்து இதற்குப் பணம் கட்டாதீர்கள். ஆள் எடுக்கும் அலுவலர்கள் இந்தப் பெயரை அறிந்திருக்கிறார்கள், முதல் வடிகட்டலில் தப்பிக்க உதவும் என்பது உண்மை. அதற்கு இந்த விலை அதிகம்.

உச்சாணிக் கொம்பில் இருப்பது சி.ஐ.எஸ்.எஸ்.பி. கட்டணம் 749 டாலர், அதாவது அறுபதாயிரம் ரூபாய்க்கு மேல். பாஸ் செய்தால் மட்டும் போதாது. ஐந்து வருடம் அந்தத் துறையில் சம்பளத்துக்கு வேலை செய்திருக்க வேண்டும். கணினி தொடர்பான துறையில் பட்டம் இருந்தால் ஒரு வருடம் கழியும். அதற்கும் மேலே, ஏற்கனவே உறுப்பினராக இருக்கிற ஒருவர் "இவரை நான் அறிவேன்" என்று கையெழுத்துப் போட வேண்டும். அப்படி யாரும் இல்லாவிட்டால் நிறுவனமே சரிபார்க்கும் என்ற ஏற்பாடு உண்டு, மறுக்கவில்லை. அப்போதும் வேலை கொடுத்தவன் தரும் கடிதம் வேண்டும். சி.ஐ.எஸ்.ஏ.-வுக்கும் ஐந்து வருட அனுபவத்தை மேலதிகாரி போன்ற ஒருவர் உறுதி செய்ய வேண்டும். மாமாவும் சித்தப்பாவும் துறையில் இருக்கிறவனுக்கு இது ஒரு போன் கால். நம்மவனுக்கு?

வேலையே கொடுக்காதவனிடம் அனுபவச் சான்று கேட்பது எப்படி என்பதுதான் கேள்வி. சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெலும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே தகுதியோடு தனியார் நிறுவனங்களுக்கு விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன. பெயர் மட்டும் வேறு. தலித் பெயர் தாங்கியவற்றுக்கு அழைப்புக் குறைவு. தகுதி, தகுதி என்று கூவுகிறவர்கள் இதைப் படித்ததில்லை போலும்.

அதனால்தான் ஓ.எஸ்.சி.பி. என் கண்ணில் வேறாகத் தெரிகிறது. யாருடைய பரிந்துரையும் வேண்டாம், அனுபவக் கடிதமும் வேண்டாம். 23 மணி 45 நிமிடம் கணினிகளை உடைத்து உள்ளே போக வேண்டும், அடுத்த 24 மணி நேரத்துக்குள் செய்ததை அறிக்கையாக எழுதித் தர வேண்டும். உடைத்தாயா, இல்லையா, அதுதான் கேள்வி. அதற்காக அங்கே சமத்துவம் பூத்துக் குலுங்குகிறது என்று நினைக்க வேண்டாம். பயிற்சியோடு சேர்த்து 1,749 டாலர், ஒன்றரை லட்ச ரூபாய் அளவில். கேமரா முன்னால் ஒரு நாள் முழுக்க உட்கார கரண்டும் இணையமும் அறுந்து போகாத ஓர் அறை வேண்டும். ஆறு பேர் ஒரே அறையில் படுக்கும் காலனி வீட்டில் அந்த அறை எங்கே?

டி.என்.பி.எஸ்.சி.-யில் நமக்குத் தேர்வுக் கட்டணம் கிடையாது. ஐ.பி.பி.எஸ். கிளார்க் தேர்வுக்கு 175 ரூபாய், மற்றவர்களுக்கு 850. போராடி வாங்கிய சலுகை அது. டாலரில் கட்டணம் வாங்குகிற இந்தத் தேர்வுகளில் அந்தப் போராட்டத்தின் நிழல்கூட விழவில்லை. நான் வேலை பார்க்கும் இடத்தில் ஐ.டி. பிரிவு அதிகாரி இத்தகைய தேர்வு எழுதினால் பணம் திரும்பக் கிடைக்கும், குமாஸ்தாவுக்குக் கிடையாது. கேட்டால் "ஒனக்கு எதுக்குப்பா அதெல்லாம்?" என்பார்கள்.

இப்போதைக்கு என் கணக்கு இது. கையில் காசில்லாதவர்கள் காளி லினக்ஸை இலவசமாக இறக்கிப் பழகுங்கள். போர்ட்ஸ்விக்கர் நடத்தும் வெப் செக்யூரிட்டி அகாடமி இலவசம். ஆங்கிலம் தடையென்றால் நான்கு பேர் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள், நம் படிப்பகங்கள் எதற்கு இருக்கின்றன? வங்கிக்குள் இருப்பவர்கள் சி.ஐ.எஸ்.ஏ.-வைக் குறி வையுங்கள். வெளியே இருப்பவர்கள் கை பழகியபின் ஓ.எஸ்.சி.பி.-க்குப் போங்கள்.

அந்த ஒன்றரை லட்சத்தைத் தாட்கோ தரட்டும். ஆதிதிராவிடர் நலத்துறைக்கு இதை மனுவாக எழுதுவோம். வங்கிகளின் எஸ்.சி., எஸ்.டி. ஊழியர் சங்கங்கள் அம்பேத்கர் ஜெயந்திக்குப் பந்தல் போடும் அக்கறையோடு, குமாஸ்தாவுக்கும் தேர்வுக் கட்டணம் கேட்டு நிர்வாகத்திடம் போகட்டும். பெங்களூரிலும் சென்னையிலும் சி.ஐ.எஸ்.எஸ்.பி. வாங்கிவிட்டு, சாதி வெளியே தெரியாமல் இருக்கிற தோழர்களே, உங்கள் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. பெயரைப் பகிரங்கப்படுத்தச் சொல்லவில்லை. தகுதியுள்ள நம் பிள்ளை ஒருத்தி வந்து நின்றால், அவள் வேலையைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். போடத் தயாராக இருப்பவர்கள் இதழ் முகவரிக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள்.