செய்தியில் வராத பகல்

“ஓட்டுநரின் தூக்கக் கலக்கமே விபத்துக்குக் காரணம் என்று முதற்கட்ட விசாரணையில் தெரியவந்துள்ளது.” மாதத்தில் நான்கைந்து முறையாவது இந்த வரி நம் கண்ணில் படுகிறது. “தூக்கம் வந்தா ஓரங்கட்டிப் படுக்க வேண்டியதுதானே” என்று சொல்லிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம். நானும் பல வருடங்கள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு லாரியில் ஒரு பகலும் ஒரு ராத்திரியும் உட்கார்ந்து பார்த்த பிறகு அந்தச் சொல் வாயில் வருவதில்லை.

சித்திரை மாதம். ஓசூரில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. எங்கள் தெருவில் குடியிருக்கும் டிரைவர் அண்ணன், “பஸ்ஸுக்கு எதுக்குங்க தம்பி? புனேவுக்கு ஜவ்வரிசி லோடு. பதினோரு மணிக்கு ஏத்தறாங்க. ரெண்டு மணிக்குக் கெளம்பினா பொழுதுக்குள்ள உங்கள ஓசூர்ல எறக்கி விட்டர்றேன்” என்றார். சேலம் வட்டாரத்துச் சேகோ ஆலைகளிலிருந்து மகாராஷ்டிரத்துக்கு நெடுங்காலமாக ஜவ்வரிசி போகிறது. அங்கே விரத நாளில் சாப்பிடும் கிச்சடிக்கு நம் ஊர் மரவள்ளிதான் ஆதாரம். சரி என்று ஏறிக்கொண்டேன்.

ஆலை வாசலில் போய் நின்றபோது மணி பத்தரை. முன்னால் நான்கு வண்டிகள். லோடுமேன்கள் வேறொரு குடோனுக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். ராத்திரி ஓட்டப்போகிறவர் இப்போதே தூங்கிக்கொள்ளலாமே என்று கேட்டேன். “கண்ண மூடுனா கதவத் தட்டுவாங்க தம்பி” என்றார். அப்படியே நடந்தது. அரை மணிக்கொருதரம் வாட்ச்மேன் வந்து கதவைத் தட்டினார். ஒரு வண்டி நீளம் முன்னால் நகர்த்த வேண்டும். நகர்த்தாவிட்டால் பின்னால் நிற்கும் வண்டி அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். கீழே இன்ஜின் சூடு, மேலே தகரம், வெளியே சித்திரை வெயில். துண்டை நனைத்து நெஞ்சில் போட்டுக்கொண்டு சீட்டில் சாய்ந்திருந்தார். பத்து நிமிடத்தில் துண்டு காய்ந்துவிட்டது.

ஐந்து மணிக்குத்தான் மூட்டை ஏறத் தொடங்கியது. ஏறி முடியும்வரை அவர் வண்டியை விட்டு நகரவில்லை. போய்ச் சேருமிடத்தில் ஒரு மூட்டை குறைந்தாலும் அது அவர் கணக்கு. எட்டரைக்கு லோடு முடிந்தது. அதற்குப் பிறகு தார்ப்பாய். மூட்டைகளின் மேலேறி இரண்டு பாயையும் விரித்து, கீழே இறங்கி, கொக்கிக்குக் கொக்கி கயிற்றைக் கொடுத்து, ஒரு காலை வண்டியின் பக்கவாட்டில் உதைத்துக்கொண்டு முழு உடம்பாலும் இழுத்தார். ஐம்பது வயதைத் தொடும் மனிதர். ஒவ்வொரு முடிச்சுக்கும் மூச்சு வாங்கியது. பில்லும் இ-வே பில்லும் கைக்கு வர ஒன்பதரை ஆனது. வண்டி கிளம்பியது ராத்திரி பத்து மணிக்கு.

“காலைல எத்தன மணிக்குங்ணா எந்திரிச்சீங்க?”

“அஞ்சு மணிக்குங்க. வண்டி கழுவி, காத்தடிச்சுட்டு வந்தேன்.”

அஞ்சிலிருந்து பத்து: 17 மணி நேரம். அன்றைக்கு அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியாது. 1997-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இருவர் ‘நேச்சர்’ இதழில் எழுதிய கட்டுரையைப் பின்னால்தான் படித்தேன். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கை, கண் ஒத்திசைவு, 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் மது கலந்தவருடையதைப் போல் மந்தப்பட்டுவிடுகிறதாம். 24 மணி நேரம் விழித்திருந்தால் அது 100 மில்லிகிராமுக்குச் சமம். நம் நாட்டுச் சட்டம் 30 மில்லிகிராமைத் தாண்டினாலே குடித்துவிட்டு ஓட்டியதாக வழக்குப் போடும். ஒரு சொட்டு மதுவைத் தொடாத அந்த மனிதர், ஆலை வாசலைத் தாண்டும்போதே, சட்டம் ஓட்டக்கூடாது என்று சொல்லும் நிலையைக் கடந்திருந்தார். அவர் அப்போதுதான் சாவியைத் திருப்பியிருந்தார்!

தொப்பூர்க் கணவாய் ஏற்றத்தில் நன்றாகத்தான் பேசிக்கொண்டு வந்தார். தர்மபுரி தாண்டி, காவேரிப்பட்டணம் பக்கம் டீ குடிக்க நிறுத்தினோம். டீ ஆறுவதற்குள் போன். ஓனர். “வண்டி ஏன் நிக்குது?” ஜி.பி.எஸ். காட்டிக்கொடுத்திருக்கிறது. “டீ குடிக்கறங்க, எடுத்தர்றங்க” என்றார். பாதி டீயைக் கீழே ஊற்றினார்.

கிருஷ்ணகிரி தாண்டி, சூளகிரிக்கு முன்னால், மணி ஒன்றரை இருக்கும். பேச்சு நின்றிருந்தது. கண்ணாடியை இறக்கிவிட்டார். தொடையில் தட்டிக்கொண்டார். தைலத்தைத் தொட்டு இமைக்குக் கீழே தடவினார். “தம்பி, ஏதாச்சும் பேசுங்க” என்றார். நான் என்ன பேசுவது என்று யோசித்த அந்த நேரத்தில், கண்கள் திறந்தபடியே இருக்க, அவர் அங்கே இல்லை. விளக்கில்லாமல் ஓரத்தில் நின்றிருந்த ஒரு டிரெய்லரின் பின்பக்கம் எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. நான் கத்தினேன். ஸ்டீயரிங்கை ஒடித்தார். தார்ப்பாய்க் கயிறு உரசிய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வண்டி ஒரு நொடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர் ஓடும். மூன்று நொடி கண்ணசந்தால் 50 மீட்டர், ஓட்டுநர் இல்லாத வண்டி. ராத்திரி இரண்டிலிருந்து ஆறு மணிவரை, எத்தனை பழகியவராக இருந்தாலும், உடம்புக்குள் இருக்கும் கடிகாரம் தூக்கத்துக்குத்தான் இழுக்கும். அனுபவத்தால் அதை வெல்ல முடியாது. நெடுஞ்சாலையில் போலீஸார் பின்னிரவில் லாரிகளை நிறுத்தி, முகம் கழுவவைத்து, டீ கொடுத்து அனுப்புவதைப் பார்த்திருக்கிறேன். நல்ல மனசோடு செய்கிறார்கள். ஆனால் தண்ணீரின் குளிர்ச்சி சிறிது நேரத்தில் போய்விடும். டீயோடு ஒரு இருபது நிமிடம் படுக்கவும் இடம் கொடுத்தால் அதற்குப் பலன் உண்டு.

சட்டம் இல்லாமல் இல்லை. 1961-ல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு வைத்தது. நெடுந்தூரத் தடத்தில் நாளுக்கு 10, வாரத்துக்கு 54 வரை போகலாம். தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, இடையில் அரை மணி ஓய்வு வேண்டும். ஒருநாள் வேலை முடிந்து மறுநாள் வேலை தொடங்குவதற்குள் 9 மணி நேரம் தொடர்ச்சியான ஓய்வு. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 91-ஆம் பிரிவும் இந்தக் கணக்கையே காட்டியது. 2020-ல் நிறைவேறிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு ஒன்றுக்குள் இந்தப் பழைய சட்டத்தைச் சேர்த்துவிட்டார்கள். 8 மணி நேரம் என்ற எண் அதிலும் இருக்கிறது. அண்ணனிடம் இதையெல்லாம் சொன்னபோது, “அப்படிங்களா?” என்று மட்டும் கேட்டார். இருபத்தைந்து வருடமாக வண்டி ஓட்டுகிறவர். யாரும் அவரிடம் சொன்னதில்லை.

1961 சட்டத்தை எடுத்துப் படித்தால் ஓட்டை எங்கே என்று தெரிகிறது. ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனங்களுக்காக எழுதப்பட்டது அது. ஐந்துக்குக் குறைவானால் மாநில அரசு தனியாக அறிவிக்க வேண்டும். நம் ஊரில் ஒன்றிரண்டு வண்டி வைத்துப் பிழைப்பவர்கள்தானே அதிகம்? இன்னொன்று, வேலை நேரம் என்பதற்கு அந்தச் சட்டம் தரும் விளக்கம். வண்டி ஓடும் நேரம், அதைச் சார்ந்த வேலை நேரம், அதோடு முனையத்தில் 15 நிமிடத்துக்குள் முடியும் காத்திருப்பு ஆகியவற்றைப் பெயர் சொல்லிச் சேர்க்கிறது. ஆறரை மணி நேரக் காத்திருப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஓனர் கணக்கில் அது ஓய்வு. ஆலைக்காரர் கணக்கில் அது ஒன்றுமே இல்லை. நடைக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் டிரைவருக்கு அது காசில்லாத பகல். அந்தப் பகலை ராத்திரியில் ஓட்டித்தான் அவர் ஈடுகட்ட வேண்டும்.

முன்பு நேஷனல் பர்மிட் வண்டியில் இரண்டு டிரைவர் இருக்க வேண்டும் என்று விதி இருந்தது. 2018-ல் அதை நீக்கிவிட்டார்கள். இரண்டாவது டிரைவர் பல வண்டிகளில் காகிதத்தில்தான் இருந்தார் என்பது உண்மை. அதற்காக விதியையே எடுத்தது தவறு என்பது என் முடிவு. இப்போது பல வண்டிகளில் கிளீனரும் இல்லை. கண்ணாடி துடைப்பதும் சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பதும் மட்டுமா கிளீனர் வேலை? பின்னிரவில் பேசிக்கொண்டே வருவதும்தான். எங்கள் வண்டியில் அன்றைக்கு அந்த வேலையைச் செய்யத் தெரியாமல் நான் உட்கார்ந்திருந்தேன்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் நிறுத்தியே ஆக வேண்டும். நாளுக்கு 9 மணி நேரம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10. வண்டியிலேயே டேகோகிராஃப் என்ற கருவி ஒவ்வொரு நிமிடத்தையும் பதிகிறது. அந்த 2006-ஆம் ஆண்டு விதியில் என்னைக் கவர்ந்தது வேறு ஒரு பகுதி. சாலைப் பாதுகாப்பைக் கெடுக்கும் விதத்தில் தூரத்தையோ சரக்கின் அளவையோ வைத்துச் சம்பளம், போனஸ் கொடுக்கக் கூடாது என்கிறது. சரக்கு அனுப்புகிறவரும், ஓட்டுநரின் ஓய்வு நேரத்துக்கு ஒத்துவரும்படியே கால அட்டவணையை ஒப்புக்கொள்ள வேண்டும் என்கிறது. பொறுப்பு ஸ்டீயரிங் பிடித்தவரோடு முடியவில்லை, லோடு அனுப்புகிறவரின் மேசைவரை போகிறது.

நம்மிடம் கருவி இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். சுங்கச்சாவடிதோறும் ஃபாஸ்டேக் நேரத்தைப் பதிகிறது. அண்ணன் டீ குடிக்க நின்றதை ஆறேழு நிமிடத்தில் ஓனருக்குச் சொன்ன ஜி.பி.எஸ்., அவர் எத்தனை மணி நேரம் நிற்காமல் ஓட்டுகிறார் என்பதையும் சொல்லும். இ-வே பில்லைப் பாருங்கள். சரக்கு 200 கிலோமீட்டர் போக ஒருநாள் என்று செல்லுபடிக் கணக்கு. புனே ஆயிரம் கிலோமீட்டருக்குச் சற்று மேல். சரக்குக்கு ஆறு நாள் கொடுத்திருக்கிறது அரசு. “நாளன்னிக்குக் காலைல மார்க்கெட்ல இருக்கணும்” என்று அண்ணனுக்குச் சொன்னவர் புக்கிங் ஆபீஸ்காரர்.

மத்திய அரசின் சாலை விபத்து அறிக்கை, 2022-ல் 1,68,491 பேர் இறந்ததாகச் சொல்கிறது. எந்த விதிமீறலால் என்று பிரித்தும் போடுகிறார்கள்: அதிவேகம், மது, எதிர்த்திசை, சிவப்பு விளக்கு, செல்போன், மற்றவை. தூக்கத்துக்கு அதில் தனிக் கட்டம் இல்லை. நாளிதழுக்குத் தெரிந்த காரணம் அறிக்கைக்குத் தெரியவில்லை. எண்ணிப் பார்க்காத சாவை எப்படிக் குறைப்பது?

சில நல்ல காரியங்களும் நடக்கின்றன. புதிதாகத் தயாராகும் கனரக லாரிகளின் கேபினுக்கு 2025 முதல் ஏ.சி. கட்டாயம். பகலில் இரண்டு மணி நேரம் கண்மூட அது உதவும். ஆனால் சாலையில் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகளில் பெரும்பாலானவை தகரக் கூண்டுகள்தான். நெடுஞ்சாலைகளில் ஓட்டுநர் ஓய்வில்லங்கள் ஆயிரம் கட்டப்படும் என்று 2024-ல் பிரதமர் அறிவித்தார். கட்டட்டும். வெளிச்சமும் காவலும் இருக்க வேண்டும். டீசலை உறிஞ்சிவிடுவார்களோ, தார்ப்பாயைக் கிழித்துவிடுவார்களோ என்ற பயத்தில் ஒரு கண்ணைத் திறந்துவைத்துத் தூங்குகிறவருக்கு மெத்தை போட்டும் பயனில்லை.

அன்றைக்கு ஓசூரில் இறங்கும்போது மணி மூன்று. “நானும் இங்கயே படுத்துக்கறேன் தம்பி” என்று வண்டியைப் பெட்ரோல் பங்க் ஓரம் நிறுத்தினார். போனை அணைத்து வைத்தார். புனேவுக்கு ஒருநாள் தாமதமாகப் போய்ச் சேர்ந்தார். வாடகையில் பிடித்தம் செய்தார்கள்.

ஆலை, மில், குடோன் வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால் அவர்களிடம் ஒன்று கேட்கிறேன். பதினோரு மணிக்கு வரச்சொன்ன வண்டிக்குப் பதினோரு மணிக்கு லோடு ஏற்றுங்கள். முடியவில்லையா, வரிசைக்கு டோக்கன் கொடுத்து, ஒரு நிழலும் கயிற்றுக் கட்டிலும் போட்டு, அவரைத் தூங்கவிடுங்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் லோடு முடிந்தால் வண்டியை அன்றைக்கு வெளியே அனுப்பாதீர்கள். விடிகாலை ஐந்து மணிக்கு வாசலைத் திறந்துவிடுங்கள்.