விளக்குக்கு உள்ள மரியாதை

பக்கத்து வீட்டுப் பிள்ளை ஏழாம் வகுப்பு படிக்கிறாள். போன வாரம் திண்ணையில் உட்கார்ந்து இலக்கணப் பாடத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். தகுதி வழக்கு மூன்று வகையாம்: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. அதில் மங்கலம் என்பது, அமங்கலமான சொல்லை நல்ல சொல்லாக மாற்றிச் சொல்வது. ‘செத்தார்’ என்பதை ‘இயற்கை எய்தினார்’ என்றும், ‘சுடுகாடு’ என்பதை ‘நன்காடு’ என்றும், ‘விளக்கை அணை’ என்பதை ‘விளக்கைக் குளிர வை’ என்றும் சொல்ல வேண்டுமாம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. இந்தப் பாடத்தை என் மாமியார் எனக்கு 1991-லேயே நடத்தி முடித்துவிட்டார். இத்தனைக்கும் அவர் பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர்!

நான் பிறந்தது சங்கரன்கோவில் பக்கம் ஒரு கிராமம். வாழ்க்கைப்பட்டு வந்தது புளியங்குடிக்கு. அப்போது திருநெல்வேலி மாவட்டம். 2019-லிருந்து தென்காசி மாவட்டம். எலுமிச்சைக்குப் பேர் போன ஊர். என் வீட்டுக்காரருக்கும் எலுமிச்சை மார்க்கெட்டில்தான் வேலை.

வந்த மறு வாரம் அரிசிப் பானையைத் திறந்து பார்த்துவிட்டு, “அத்தை, அரிசி இல்லை” என்றேன். அத்தை பதறிப்போய், “ஏட்டி, வீட்டுக்குள்ள நின்னு இல்லைன்னு சொல்லாத. அரிசி நிறைஞ்சிருக்கு, வாங்கணும்னு சொல்லு” என்றார். அம்மா வீட்டுக்குக் கிளம்பும்போது “போறேன்” என்றால், “போயிட்டு வாரேன்னு சொல்லு” என்பார். தாலிக் கயிறு இற்றுப் போனால் அறுந்தது என்று சொல்லக் கூடாது, ‘பெருகிட்டுது’ என்று சொல்ல வேண்டும். பிள்ளைக்கு அம்மை கண்டால் ‘அம்மா வந்திருக்கா’ என்று சொல்ல வேண்டும்.

அன்று இதெல்லாம் மூடநம்பிக்கை என்று நினைத்தேன். எலுமிச்சை விலை விழுந்து கையில் காசில்லாத நாட்களில்தான் புரிந்தது. “நிறைஞ்சிருக்கு, ரெண்டு படி தாங்க” என்று கேட்கும்போது நமக்கும் தலை குனியவில்லை, கொடுப்பவருக்கும் நாம் இளப்பமாகத் தெரியவில்லை. இல்லாமையை மறைக்கிற பொய் இல்லை அது. மறுபடியும் பானை நிறையும் என்கிற தைரியம்.

சகோதரிகளே, விளக்குக்கும் அரிசிக்கும் இத்தனை மரியாதை கொடுக்கிற நம் வாய், பெண்பிள்ளை விஷயத்தில் மட்டும் ஏன் இப்படிக் கூசாமல் பேசுகிறது?

என் பெயர் போதும்பொண்ணு. எங்கள் வீட்டில் நான் நாலாவது பெண். இந்தப் பெயரை வைத்தால் அடுத்தது ஆண் பிறக்கும் என்று எங்கள் பக்கம் ஒரு நம்பிக்கை. பிறப்பது ஆணா பெண்ணா என்பது அப்பாவிடமிருந்து வரும் குரோமோசோமைப் பொறுத்தது என்று இன்றைக்குப் பள்ளிப் பிள்ளைகளுக்கே தெரியும். ஆனால் பெயரைச் சுமப்பது மட்டும் பெண். வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கும்போது, என் பெயர் வந்ததும் பின்பெஞ்சிலிருந்து “போதும் சார், நிறுத்துங்க” என்று ஒரு குரல் வரும். கல்யாணப் பந்தியில் யாராவது “போதும், போதும்” என்றால் என்னை அறியாமல் திரும்பிப் பார்ப்பேன்.

இது எங்கள் ஊர்ப் பக்கத்தோடு நிற்கவில்லை. திருத்தணி அருகே நாராயணபுரத்தில் ‘வேண்டாம்’ என்றே பெண்களுக்குப் பெயர் வைத்திருந்ததைப் பத்திரிகையில் படித்தேன். மகாராஷ்டிரத்தில் ‘வேண்டாதவள்’ என்று பொருள்படும்படி ‘நகுசா’ என்று வைப்பார்களாம். அங்கே சாத்தாரா மாவட்டத்தில் 2011 அக்டோபர் 22 அன்று விழா நடத்தி, 285 பெண்பிள்ளைகளுக்குப் புதுப் பெயர் சூட்டினார்கள். படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சொல்லால் காயப்படுவது சின்னப் பெண்கள் மட்டுமில்லை. என் மாமனார் இறந்த பிறகு, வாய்க்கால் தகராறு ஒன்றில் உறவுக்காரி ஒருத்தி என் மாமியாரைப் பார்த்து, “தாலியறுத்தவளே” என்று கத்தினாள். விளக்கைக்கூட ‘அணை’ என்று சொல்லாத அந்த அம்மா, ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார். கயிறு இற்றுப் போனால் ‘பெருகிட்டுது’ என்கிறோம். அதைக் கட்டியிருந்தவளிடம் மட்டும் ‘அறுத்தவ’ என்கிறோம். இது என்ன நியாயம்?

“காலம் காலமாக வந்த பேச்சு, மாறாது” என்று சொல்வார்கள். ஏன் மாறாது? ‘ஊனமுற்றோர்’ என்று சொல்லிவந்த நாம் இன்று ‘மாற்றுத்திறனாளி’ என்கிறோம். கேலிப் பெயர் வைத்துக் கூப்பிட்டுவந்தவர்களைத் ‘திருநங்கை’ என்கிறோம். அவர்களுக்காக 2008-ல் தமிழ்நாட்டில் நல வாரியமே அமைந்தது. சொல்லை மாற்றினால் எல்லாம் மாறிவிடாதுதான். ஆனாலும் மனசு மாறுவதற்கு அது ஒரு வாசல்.

போன மாதம் உறவில் ஒரு வீட்டில் மூன்றாவதும் பெண் பிறந்தது. பார்க்கப் போயிருந்தோம். ஒரு பெரியம்மா, “இவளுக்குப் போதும்பொண்ணுன்னு வச்சிருங்க” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். தாயின் முகம் மட்டும் வாடிப்போனது. நான் சொன்னேன்: “பெரியம்மா, அரிசி தீர்ந்தாலே ‘இல்லை’ன்னு சொல்லமாட்டீங்க. ரத்தமும் சதையுமா வந்திருக்கிற பிள்ளையைப் பார்த்து ‘போதும்’னு சொல்லலாமா?” அறையில் பேச்சு நின்றுவிட்டது. பிறகு அந்தப் பெரியம்மாவே பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டாள். அந்தப் பிள்ளைக்கு இப்போது நல்ல பெயராக வைத்திருக்கிறார்கள்.

“நீ ஏன் உன் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை?” என்று கேட்பீர்கள். மாற்ற வழி இருக்கிறது. விண்ணப்பித்தால் தமிழ்நாடு அரசிதழில் வெளியிட்டுக் கொடுக்கிறார்கள். இந்தப் பெயரால் கூசுகிற இளம்பெண்கள் தாராளமாக மாற்றிக்கொள்ளட்டும். வீட்டில் உள்ளவர்கள் அதைக் கேலி செய்யாமல் துணை நிற்க வேண்டும்.

நான் மாற்றாததற்கு என் மாமியார்தான் காரணம். கல்யாணப் பத்திரிகை அடிக்கும்போது, பெயரைப் பார்த்து நாலு பேர் சிரிப்பார்களே, வேறு பெயர் போடலாமா என்று என் அப்பாவே தயங்கினார். அத்தை விடவில்லை. “போதும்னா நிறைஞ்சதுன்னுதான அர்த்தம்? எங்க வீடு நிறைய வாரா. அந்தப் பேரையே போடுங்க” என்றாராம். வேண்டாம் என்று வைத்த பெயருக்கு வேண்டும் என்று ஒரு பொருள் கொடுத்த மனுஷி அவர்.

ஆனால் எல்லாப் பெண்ணுக்கும் அப்படியொரு மாமியார் வாய்ப்பார் என்று நம்பிப் பெயர் வைக்க முடியாது. விளக்குக்குக் கொடுக்கிற மரியாதையை, அதை ஏற்றுகிறவளுக்கும் கொடுப்போம். கடிதத்தின் கீழே என் பெயரை முழுதாகவே போடும்படி ஆசிரியரைக் கேட்டுக்கொள்கிறேன்.

– போதும்பொண்ணு, புளியங்குடி.