தனியே தொடங்கலாம், தனியே தொடர வேண்டாம்

எடைக் குறைப்பைத் தனியே தொடங்குவதா, கூட்டத்தில் சேர்வதா என்று எம்மிடம் பலர் வினவுகின்றனர். இன்றே தனியே தொடங்குங்கள். ஆனால் தனியே தொடர வேண்டாம் என்பதே எம் கருத்து.

சென்னையில் நீரிழிவின் விளிம்பிலிருந்த 578 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2016இல் வெளிவந்தது. ஒரு சாரார் தொடக்கத்தில் மட்டும் அறிவுரை பெற்றனர். மறுசாரார் ஆறு மாதம் குழு வகுப்புகளுக்கு வந்தனர். அவர்களுள் தேவைப்பட்டோருக்கு மெட்ஃபார்மின் மாத்திரையும் தரப்பட்டது. மூன்றாண்டுகளில் முதல் சாராருள் 34.9 விழுக்காட்டினருக்கும், வகுப்புக்கு வந்தோருள் 25.7 விழுக்காட்டினருக்கும் நீரிழிவு வந்தது. மாத்திரையின் பங்கை நாங்கள் மறுக்கவில்லை. எனினும், ஒருநாள் அறிவுரை போதாது என்பது தெளிவு.

எடை இறங்காமல் நிற்கும் வாரத்தில்தான் மனம் தளர்கிறது. அப்போது, "நேற்று ஏன் வரவில்லை?" என்று கேட்க ஒருவர் வேண்டும். அவர் மருத்துவராக இருக்க வேண்டியதில்லை. கடலூர் சில்வர் பீச்சிலோ, சிதம்பரம் கீழவீதியிலோ காலையில் உடன் நடக்கும் நால்வர் போதும்.

எடையைப் பிறர்முன் சொல்லக் கூசுவோர் சொல்ல வேண்டாம், வந்தாலே போதும். வீட்டில் சமைப்பவரும் உடன் வரட்டும். தட்டின் அளவு அடுப்படியில்தான் முடிவாகிறது. இன்சுலின் போடுவோரும் இதய நோயாளரும் உணவைக் குறைக்குமுன் மருத்துவரைக் கேளுங்கள்.