கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கடந்தோம்

தை பிறந்தால் ஒரு ஞாயிறு குடும்பத்தோடு வேடந்தாங்கல் போவது எங்கள் வீட்டு வழக்கம். விடியுமுன் இட்லியைக் கட்டிக்கொண்டு செம்பாக்கத்திலிருந்து கிளம்புவோம். ஜி.எஸ்.டி. சாலையில் வண்டலூர், செங்கல்பட்டு தாண்டிப் படாளத்தில் திரும்பினால் கொஞ்ச தூரத்தில் ஏரிக்கரை. தண்ணீருக்குள் நிற்கும் மரங்களில் கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, அரிவாள்மூக்கன் எல்லாம் கூடு கட்டியிருக்கும். பைனாகுலருக்குப் பிள்ளைகளுக்குள் சண்டை நடக்கும்.

அந்த ஊர்க்காரர்கள் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர்தான் வயலுக்கு உரம் என்பதைத் தலைமுறை தலைமுறையாக மறக்காதவர்கள். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டுப் பாதுகாப்பு உத்தரவு வாங்கியவர்கள் அவர்களுடைய முன்னோர்.

எங்களுக்கும் ஏரி உண்டு. செம்பாக்கம் ஏரி நிரம்பினால் தண்ணீர் நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகள் வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில் சேரும். அங்கேயும் கூழைக்கடா வருகிறது, பூநாரை வருகிறது. வேடந்தாங்கலும் பள்ளிக்கரணையும் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது ஒரே ஆண்டில், 2022இல். மாதம் ஒருமுறையாவது துரைப்பாக்கம் போக ரேடியல் சாலையில் அந்தச் சதுப்பைக் கடக்கிறோம். ஒருநாளும் வண்டியை நிறுத்தியதில்லை. குப்பைமேட்டு நாற்றம் வருமுன் கண்ணாடியை ஏற்றிக்கொள்வோம்.

அந்தத் தண்ணீரில் எங்கள் வீட்டுப் பங்கும் இருக்கிறது. குடிவந்த புதிதில் செப்டிக் டேங்க் அடிக்கடி நிரம்பியது. லாரிக்குக் கொடுக்கும் காசு உறுத்தியது. தெருவில் பலரும் செய்ததுபோல மழைநீர் வடிகாலில் ஒரு குழாயைச் சேர்த்துவிட்டோம். அது ஏரிக்குத்தான் போகும் என்று எங்களுக்குத் தெரியும். ஏரியை ஆகாயத்தாமரை மூடியபோது அதிகாரிகளைக் குறை சொன்னோம். பிறகு கரையோரம் நடப்பதை விட்டுவிட்டு வேறு தெருவில் நடந்தோம். ஏரியைப் பார்க்காமல் இருப்பது பழகிவிட்டது. தங்கள் ஏரியைக் காத்தவர்களின் ஊருக்குப் போய்ப் பறவை பார்த்துத் திரும்பி, எங்கள் ஏரியில் சாக்கடை விட்டோம்.

போன மாதம் கொத்தனாரை வரவழைத்து அந்தக் குழாயை அடைத்தோம். மறுபடியும் லாரிதான், அது எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறது என்றும் இனிக் கேட்க வேண்டும். அடைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர், அதே கொத்தனாரின் நம்பரை வாங்கிக்கொண்டு போனார்.

உங்கள் வீட்டுக் கழிவுநீர் எந்த ஏரிக்குப் போகிறது என்று, வடிகாலோடு ஒருமுறை நடந்து போய்ப் பாருங்கள்.