மூக்குக்கு ஒரு ரோஜா

2021 கோடையில் கொரோனா எங்கள் வீட்டுக்கும் வந்தது. எனக்கு மூன்று நாள் ஜுரத்தோடு விட்டது. என் மனைவியிடமிருந்து போகும்போது, அவளுடைய மோப்ப சக்தியையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டது. ('மோப்பம்'னு எழுதாதீங்க, நான் என்ன நாயா? - மனைவி.)

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதல் மாதம் எனக்கு உள்ளூரக் குஷி. கல்யாணத்தின்போதே 'விட்டுவிட்டதாக' நான் அறிவித்திருந்த சிகரெட் ஒன்றே ஒன்று, ராத்திரி மொட்டைமாடியில்... ஏலக்காய்ச் செலவு சுத்தமாக மிச்சம்!

அந்தக் குஷி ஒரு சாயங்காலத்தோடு சரி. பேங்க்குக்குப் போய்விட்டு வந்து கதவைத் திறந்தால் குப்பென்று கேஸ் வாடை. பால் பொங்கி அடுப்பு அணைந்து கிடக்கிறது. இரண்டடி தள்ளி நின்று ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருக்கிறாள் இவள். அடுப்பை மூடி, ஜன்னல்களைத் திறந்துவிட்டு உட்கார்ந்த பிறகுதான் என் கை நடுங்குவதே தெரிந்தது. அவள் அழவில்லை. "இனிமே நான் தனியா சமைக்கக் கூடாதாங்க?" என்று மட்டும் கேட்டாள்.

காது மூக்கு தொண்டை டாக்டர், "மூக்குக்கு டிரில் கொடுங்க சார்" என்றார். ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு. இந்த நாலையும் தினம் இரண்டு வேளை, ஒவ்வொன்றையும் பத்து செகண்ட், மனசு வைத்து முகர வேண்டும். குறைந்தது மூன்று மாதம். ஜெர்மனியில் ட்ரெஸ்டன் நகரத்து டாக்டர் தாமஸ் ஹம்மல் குழு 2009-லேயே சோதித்துப் பார்த்த வைத்தியமாம். எல்லோருக்கும் பலிக்கும் என்று கேரண்டி கிடையாது.

எலுமிச்சையும் கிராம்பும் சமையலறையில் உண்டு. நீலகிரித் தைலம் அலமாரியில். ரோஜாவுக்குப் பூக்கடை. சிவப்பாக, முழ நீளக் காம்போடு, சினிமா ஹீரோ கொடுப்பாரே, அந்த மாதிரி ஒன்று வாங்கி வந்து நீட்டினேன்.

"ஒண்ணும் தெரியலைங்க" என்றாள்.

நான் முகர்ந்தேன். எனக்கும் ஒன்றும் தெரியவில்லை! அடிவயிறு கலங்கியது. போச்சு, இந்த வீட்டில் இருந்த ஒரே மூக்கும் அவுட். ஓடிப்போய் ஹவுஸ் ஓனர் வாசலில் நின்று பலமாக இழுத்தேன். டிகாஷன் வாசனை ஜோராக வந்தது. "என்ன சார், காபி வேணுமா?" என்றார் அவர், வேண்டாம் என்று சொல்லவேண்டிய குரலில்.

மூக்கு என் மேல் குற்றமில்லை. குற்றவாளி ரோஜா. ஓசூர்ப் பக்கத்துப் பசுமைக்குடில்களில் வளர்ந்து, காதலர் தினத்துக்கு விமானம் ஏறுகிற ஜாதி அது. நீளக் காம்பு, சீக்கிரம் உதிராத இதழ், பெட்டியில் நசுங்காத உடம்பு என்று இதையே பார்த்துப் பார்த்துப் பொறுக்கி எடுத்தார்கள். வாசனையை யாரும் கேட்கவில்லை, அது கழன்றுகொண்டது. 2015-ல் பிரான்ஸ் ஆராய்ச்சியாளர்கள், கமகமக்கும் 'பாப்பா மெய்லாண்ட்' ரோஜாவையும் வாசனையில்லாத 'ரூஜ் மெய்லாண்ட்' ரோஜாவையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். முதலாவதில் மும்முரமாக வேலை பார்க்கும் ஒரு என்ஸைம், இரண்டாவதில் அநேகமாக லீவில் இருந்தது.

சரி, ரோஜா எண்ணெய் வாங்கிவிடலாமே? வாங்கினேன். ஆனால் என் பி.காம். மூளை சும்மா இருக்குமா! எண்ணெய் என்பது செலவு, தீர்ந்துபோகும். செடி என்பது மூலதனம், டிவிடெண்ட் வரும். நர்சரிக்குப் போனேன்.

அங்கே ஒரு பாடம். லேபிளில் இருக்கும் போட்டோவைப் பார்த்து ரோஜாச்செடி வாங்குவது, போட்டோவைப் பார்த்துப் பெண் பார்ப்பது மாதிரி. காலை வேளையில், பூத்திருக்கும் செடியாகப் பார்த்து, பாதி விரிந்த பூவில் மூக்கை நுழைத்துப் பார்த்துவிட்டுத்தான் பர்ஸைத் திறக்க வேண்டும். வெயில் ஏறினால் வாசனை இறங்கிவிடும். நான் செடி செடியாகக் குனிந்து கடைசியில் நின்ற இடம், வெளிறிய ரோஸ் நிறத்தில் கலைந்த தலையோடு இருந்த பன்னீர் ரோஜா.

"அது எதுக்கு சார்? பறிச்சா ரெண்டு நாள் நிக்காது" என்றார் நர்சரிக்காரர். நிற்க வேண்டாம். பத்து செகண்ட் போதும்!

கூடவே பந்தாவுக்காக ஒரு ஒட்டுச்செடியும் வாங்கினேன். அதன் ஒட்டுக்குக் கீழேயிருந்து ஒரு கிளை வாட்டசாட்டமாகக் கிளம்பியதும் தெருவுக்கே சொல்லிக்கொண்டேன். அது ஒட்டுக்கு அடியில் இருந்த காட்டு ரோஜாவாம்! சாப்பாட்டையெல்லாம் அதுவே தின்றுவிட்டு, மேலே இருந்த அசல் செடியைப் பட்டினி போட்டுவிட்டது. முளைத்தவுடனே அடியோடு பிய்த்திருக்க வேண்டும். பற்று எழுதினேன்.

பன்னீர் ரோஜா குச்சி வைத்தே வளர்வதால் இந்தச் சக்களத்திச் சண்டை இல்லை. பன்னிரண்டு அங்குலத் தொட்டி, செம்மண், மணல், மக்கிய சாணி எரு, ஆறு மணி நேர வெயில். பூத்து முடிந்த கிளையை, வெளிப்பக்கம் பார்க்கும் மொட்டுக்குச் சற்று மேலே சாய்வாக வெட்டிவிட்டால் அங்கிருந்து புதுத் துளிர் வரும். மண் காய்ந்த பிறகே தண்ணீர். "செடி வாடிச் செத்ததைவிட, பாசத்துல தண்ணி ஊத்தியே செத்தது ஜாஸ்தி சார்" என்று நர்சரிக்காரர் எச்சரித்திருந்தார்.

தினமும் காலை ஆறரைக்கு மாடியில் டிரில். அவள் கண்ணை மூடி முகருவாள். "இல்லைங்க." மறுநாளும் "இல்லைங்க." அந்த 'இல்லைங்க'வைக் கேட்கப் பயந்தே சில நாள் தூங்குவதுபோல் படுத்திருக்கிறேன்.

தை பிறந்த ஒரு காலை. பூவை மூக்கருகில் வைத்தவள் எடுக்கவேயில்லை. பத்து செகண்ட் போய் ஒரு நிமிஷம்.

"என்னங்க... கல்யாண மண்டப வாசல்ல பன்னீர் தெளிப்பாங்களே... லேசா அது மாதிரி..."

நான் திரும்பி நின்று தண்ணீர் டாங்க்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் முகத்தை அவள் பார்க்க வேண்டாம் என்று. பக்கத்தில் வந்து தோளில் சாய்ந்தாள். சட்டையில் மூக்கு. நேற்றைய சட்டை.

"இன்னொரு வாடையும் வருதே... எத்தனை நாளா நடக்குது இது?"

நான் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போனேன். அரை மணிக்கு முன்புதான் ஊற்றியிருந்தேன்.